காவடிப் பாட்டில் முங்கிய குரல்: மல்டிபேண்ட் கம்ப்ரஸர் எங்கே உதவியது, எங்கே கெடுத்தது

தைப்பூசத்துக்கு முன்பு கொடைக்கானலில் பதிவான ஒரு காவடிப் பாட்டைப் பற்றியது இந்த ஆய்வு. நீளம் 5 நிமிடம் 12 வினாடி. ஓர் ஆண்குரல், நால்வர் கோரஸ், உறுமி, பம்பை, ஆர்மோனியம், சலங்கை. பழனிக்குப் பாதயாத்திரை போகும் குழு ஒன்று, கூடவே வரும் வேனில் போட்டுக்கொண்டு நடப்பதற்காகப் பதிவு செய்தது. ஹெட்போனில் கேட்டபோது பெரிய குறை தெரியவில்லை. வேன் கூரையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஓடவிட்ட அன்றே புகார் வந்துவிட்டது: "பாட்டு நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா குரல் அப்பப்ப முங்கி முங்கி வருது."

புகாரில் விசித்திரம் ஒன்று உண்டு. குரல் முங்கும் இடங்களில் அதை அமுக்கும்படி வேறு எதுவும் காதில் விழவில்லை. பம்பை உச்சத்துக்குப் போகவில்லை, கோரஸும் ஏறவில்லை. குரல் மட்டும் தானாகத் தணிந்து, அரை வினாடியில் பழைய நிலைக்கு வந்தது. இந்தக் குறையின் காரணத்தைக் கண்டுபிடித்த வழியையும், மல்டிபேண்ட் கம்ப்ரஸர் என்ற கருவியை (ஒலியை அதிர்வெண்படி கீழ், நடு, மேல் என்று பேண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அளவு மீறும் ஒலியைத் தனித்தனியே அமுக்குவது) தேர்ந்த விதத்தையும், முதல் முயற்சி பாட்டைக் கெடுத்ததையும், கடைசியில் நின்ற எண்களையும் வரிசையாகப் பார்க்கலாம்.

கைக்கு வந்தது என்ன

வந்தது ஒரே ஒரு ஸ்டீரியோ வேவ் கோப்பு: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். முழுப்பாட்டின் சராசரி ஒலியளவு −18 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அலகு; இதிலும் கீழே வரும் டெசிபல் அளவுகளிலும் பூஜ்யம்தான் கோப்பின் உச்ச எல்லை). உறுமி முனகும் இடங்களில் உச்சம் −2 டெசிபல். முனகாத இடங்களில் −7. கூடவே, வேனில் ஓடிய அவசர மாஸ்டரும் (வெளியீட்டுக்கு இறுதி செய்த கோப்பு) வந்தது. அதில் 9 டெசிபல் ஏற்றி, −1 டெசிபலில் லிமிட்டர் (குறித்த கூரைக்கு மேல் ஒலியைப் போகவிடாத கருவி) போட்டு, −9 எல்யூஎஃப்எஸ்ஸுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

மாஸ்டரிங்குக்கு வரும் எந்தக் கோப்புக்கும் முதல் கேள்வி ஒன்றே: மிக்ஸுக்கு, அதாவது குரலும் வாத்தியங்களும் தனித்தனி டிராக்காக இருக்கும் கட்டத்துக்கு, திரும்பிப் போக முடியுமா? முடியுமென்றால் பத்தில் எட்டுக் குறைகளை அங்கேயே, அந்தந்த டிராக்கிலேயே தீர்த்துவிடலாம். மல்டிபேண்டைத் தொடவே வேண்டாம். இங்கே முடியவில்லை. செஷன் இருந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, நகலும் இல்லை. எல்லா வாத்தியமும் ஒன்றாகக் கலந்த ஸ்டீரியோ கோப்பு மட்டும்தான் மிச்சம். மல்டிபேண்ட் கம்ப்ரஸருக்கு நியாயமான வேலை பெரும்பாலும் இப்படிப்பட்ட நிலையில்தான் பிறக்கிறது.

காரணத்தைத் தேடியது

மேலே சொன்ன எண்களைக் கூட்டிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். −2 டெசிபல் உச்சத்தோடு 9 சேர்த்தால் +7. லிமிட்டரின் கூரை −1. ஆக, உறுமி முனகும்போது லிமிட்டர் 8 டெசிபல் அமுக்குகிறது. முனகாதபோது −7, 9 சேர்த்து +2. அமுக்கம் 3 டெசிபல். லிமிட்டருக்குக் குரல் வேறு உறுமி வேறு என்ற பேதம் தெரியாது, மொத்தத்தையும் சேர்த்தே அமுக்கும். எனவே ஒவ்வொரு முனகலுக்கும் குரல் கூடுதலாக 5 டெசிபல் கீழே போகிறது. அது காதுக்கு நன்றாகவே தெரியும் அளவு.

குழாயில் காரணம் கேட்காமல் போனதற்கும் விளக்கம் உண்டு. வேனில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக எதையும் தருவதில்லை. உறுமியின் முனகல் 80 முதல் 165 ஹெர்ட்ஸ் வரை வழுக்கி ஏறி இறங்குகிறது. குழாய் அந்த முனகலை விழுங்கிவிடுகிறது. முனகலால் லிமிட்டர் செய்த அமுக்கம் மட்டும் குரலில் ஒட்டிக்கொண்டு வெளியே வருகிறது. ஹெட்போனில் இரண்டும் சேர்ந்தே கேட்பதால், முனகல் குரலை மூடுவது இயல்பாகத் தோன்றியது. அதனால்தான் அங்கே யாரும் கவனிக்கவில்லை.

ஊகம் சரியா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். லிமிட்டருக்கு முன்னால் 180 ஹெர்ட்ஸில் ஒரு ஹை-பாஸ் வடிகட்டியை (குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) தற்காலிகமாகப் போட வேண்டும். போட்டதும், அமுக்கத்தைக் காட்டும் லிமிட்டர் முள் 3 டெசிபலைத் தாண்டவில்லை, குரலும் முங்கவில்லை. எந்தக் கம்ப்ரஸரை எடுப்பதற்கு முன்பும் இப்படி ஒரு சோதனை அவசியம். நோய் எந்த அலைவரிசைப் பகுதியில் இருக்கிறது என்று எண்ணோடு சொல்ல முடியாதவர் மல்டிபேண்டைத் திறக்கக் கூடாது.

முனகல் ஏன் அவ்வளவு வீங்கியது

உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தி உரசுவார்கள். மறுமுகத்தை மெல்லிய நீளக் குச்சியால் அடிப்பார்கள். உரசும் முகத்திலிருந்துதான் அந்த முனகல் வருகிறது. இயல்பிலேயே அது சீராக ஏறி இறங்கும். ஆனால் இந்தப் பதிவில் சில சுருதிகளில் மட்டும் திடீரென்று பொங்கியது. ஸ்பெக்ட்ரத்தில் பார்த்தால் 93, 111, 139 ஹெர்ட்ஸைக் கடக்கும்போதெல்லாம் மேடு. மிகப் பெரியது 139-இல்.

இந்த எண்கள் அறையின் அளவிலிருந்து வருகின்றன. பதிவு நடந்த அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 8 அடி உயரம். கருங்கல் சுவர், கான்கிரீட் தளம். கல்லும் கான்கிரீட்டும் தாழ்ந்த ஒலியை உறிஞ்சுவதில்லை, அப்படியே திருப்பி எறியும். 15 டிகிரி குளிரில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். வேகத்தை அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் முதல் எதிரொலி அதிர்வெண் (சுவர்களுக்கு நடுவே ஒலி பொங்கும் சுருதி) கிடைக்கும்: 12 அடிக்கு 46 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகள் 93, 139. 10 அடிக்கு 56, 111, 167. 8 அடிக்கு 70, 139. பன்னிரண்டும் எட்டும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் நிற்பதால் 139-இல் நீளமும் உயரமும் ஒன்றாகக் கூடிக்கொண்டன. வீட்டு அறையில் ஸ்டூடியோ போடுகிறவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது.

(மலை உயரத்தால் ஒலியின் வேகம் மாறும் என்று பலர் நம்புகிறார்கள். 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலில் காற்று மெலிந்திருப்பது உண்மைதான்; ஆனால் வேகத்தை மாற்றுவது வெப்பநிலை. 30 டிகிரியில் வினாடிக்கு 349 மீட்டர், 15 டிகிரியில் 340. பழனி அடிவாரத்து அறையிலும் கொடைக்கானல் அறையிலும் அதே அளவுக்கு எதிரொலி எண்கள் இரண்டு மூன்று விழுக்காடு தள்ளி விழுவது இதனால்தான்.)

குளிர் இன்னொரு வேலையும் செய்தது. மூட்டம் இறங்கிய நேரத்தில் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். முதல் டேக்கில் முனகல் 80 முதல் 140 வரை ஓடியது. பிறகு கரியடுப்பில் தோலைக் காய்ச்சி இறுக்கிய பின் எடுத்த டேக்கில் 95 முதல் 165 வரை ஏறிவிட்டது. மிக்ஸில் இரண்டு டேக்கும் வெட்டி ஒட்டப்பட்டிருக்கின்றன. ஆக, குறை ஓரிடத்தில் நிற்காமல் நகர்கிறது. எப்போதும் இருக்காமல் வந்து வந்து போகிறது. ஆனால் எப்போது வந்தாலும் 170 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வருகிறது.

கருவியைத் தேர்வதற்கு இந்த மூன்றும் போதும்.

மற்ற கருவிகள் ஏன் போதவில்லை

ஈக்யூவை (குறித்த அதிர்வெண் பகுதியை நிலையாக ஏற்றவோ வெட்டவோ செய்யும் கருவி) முதலில் முயன்றது நியாயம். 139 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் வெட்டிப் பார்த்தால் அந்த ஒரு மேடு தணிகிறது. ஆனால் வெட்டு 5 நிமிடமும் அங்கேயே நிற்கும். முனகல் இல்லாத இடங்களில் பம்பையின் உடம்பு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அது சப்பென்று ஆகிவிட்டது. 93-க்கும் 111-க்கும் தனித்தனியாக வெட்டினால் பாட்டின் அடித்தளமே போய்விடும். நிலையாக இருக்கும் குறைக்குத்தான் ஈக்யூ.

ஒற்றைப் பேண்ட் கம்ப்ரஸர் லிமிட்டரின் தவற்றையே மெதுவாகச் செய்யும். முனகலைப் பிடிக்கும்போது குரலையும் சேர்த்துப் பிடிக்கும். அதன் சைட்செயினில் (எப்போது அமுக்குவது என்று கம்ப்ரஸர் கேட்டு முடிவு செய்யும் பாதை) 150 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் போட்டால் குரல் தப்பும். ஆனால் அப்போது கம்ப்ரஸர் முனகலைக் கண்டுகொள்ளாது. முனகல் அப்படியே லிமிட்டருக்குப் போய்ச் சேரும். முனகும் இடங்களில் கையால் வால்யூம் கோடு வரைந்து இறக்குவதிலும் குரல் கூடவே இறங்கும்.

குறை ஒரே பகுதியில் இருக்கிறது, சில நேரம் மட்டும் வருகிறது, தனி டிராக் கைவசம் இல்லை. மூன்றும் ஒருசேர உண்மையானால் மல்டிபேண்டை எடுக்கலாம். ஒன்று குறைந்தாலும் வேறு வழி இருக்கிறதா என்று தேட வேண்டும்.

முதல் முயற்சி: நான்கு பேண்ட் ப்ரீசெட்

பிளக்இன்னில் 'மாஸ்டரிங்' என்ற பெயரோடு வந்த ப்ரீசெட் (தயார்நிலை அமைப்பு). கிராஸ்ஓவர் (பேண்டுகள் பிரியும் இடம்) 250, 2,000, 6,000 ஹெர்ட்ஸ். நான்கு பேண்டிலும் 3:1 ரேஷியோ (எல்லையை 3 டெசிபல் மீறினால் 1 மட்டும் வெளியே விடுவது), தானியங்கி மேக்கப் கெயின் (அமுக்கியதை ஈடுகட்ட ஒலியை ஏற்றுவது). போட்டவுடன் பாட்டு 'பளிச்'சென்று திறந்தது போல இருந்தது. பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். மேக்கப் கெயின் மொத்த ஒலியை ஏறத்தாழ 2 டெசிபல் கூட்டியிருந்தது. சத்தம் கூடினால் காது அதை 'நன்றாக இருக்கிறது' என்றுதான் எடுத்துக்கொள்ளும். வெளியீட்டை 2 டெசிபல் இறக்கி, பைபாஸோடு (கருவியை அணைத்த ஒலியோடு) சமமாக வைத்துக் கேட்டதும் கெடுதல்கள் வெளியே வந்தன.

சலங்கை ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் மேல் பேண்ட் அமுங்கியது. குரலின் 'ச', 'ஷ', 'த' எல்லாம் அதே பேண்டில் இருப்பதால், சலங்கைக்குப் பக்கத்தில் விழுந்த மெய்யெழுத்துகள் மழுங்கின. சலங்கை இல்லாத சொற்களில் கூர்மையாகத் திரும்பி வந்தன. ஒரே வரிக்குள் பாடகர் மைக்குக்கு அருகிலும் தூரத்திலும் மாறி மாறி நிற்பதுபோல் கேட்டது.

சரணத்தில் தனிக்குரல், பல்லவியில் கோரஸ் என்று ஏறும் ஏற்றம் தட்டையானது. காவடிப் பாட்டுக்கு உயிரே அந்த ஏற்றத்தில் இருக்கிறது. நடு பேண்டுகளை அமுக்க எந்தக் காரணமும் இல்லாமலே அமுக்கியதன் விளைவு அது.

மூன்றாவது கெடுதல் நுட்பமானது. விரித்துச் சொல்ல வேண்டியது. பாடகரின் சுருதி ஐந்து கட்டை. ஆதார சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். கிராஸ்ஓவர் 250-இல் இருந்ததால் சட்ஜத்தின் அடிப்படை அதிர்வு பெரும்பகுதி கீழ் பேண்டுக்கும், அதன் மேல் அதிர்வுகளான 392, 588, 784 எல்லாம் நடு பேண்டுக்கும் போயின. உறுமி முனகியதும் கீழ் பேண்ட் இறங்குகிறது. சட்ஜத்தின் அடி மட்டும் கூடவே இறங்குகிறது. மேல் அதிர்வுகள் அசையவில்லை. குரல் முங்காமல், ஒல்லியாகி, மூக்கால் பாடுவதுபோல் நிறம் மாறியது. முங்குவதைவிட இது மோசம்.

எவ்வளவு இறங்கியது என்பதைக் கணக்காகவே சொல்லலாம். மல்டிபேண்டுகளில் பரவலாக இருப்பது லிங்க்விட்ஸ்-ரைலி கிராஸ்ஓவர். சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி இருவர் பெயரால் வழங்குவது. ஆக்டேவுக்கு (அதிர்வெண் இருமடங்காகும் தூரத்துக்கு) 24 டெசிபல் சரிவுள்ள அந்த வகையில், இரு பேண்டும் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே ஃபேஸில் (அலைகளின் ஏற்ற இறக்கம் ஒன்றாகச் சேர்ந்து) கூடும். அதனால் எளிய கூட்டலே போதும். கிராஸ்ஓவர் 250-இல், கீழ் பேண்ட் 5 டெசிபல் இறங்கினால், 196 ஹெர்ட்ஸ் 3.3 டெசிபல் இழக்கிறது. கிராஸ்ஓவரை 170-க்கு இறக்கினால் அதே 5 டெசிபலுக்கு 196-இன் இழப்பு 1.5 டெசிபல்தான்.

இரண்டாம் முயற்சி: ஒரே ஒரு வெட்டு

இரண்டே பேண்ட். கிராஸ்ஓவர் ஒன்றே, 170 ஹெர்ட்ஸ். மேல் பேண்டில் கம்ப்ரஷன் இல்லை. உள்ளே வந்தது அப்படியே வெளியே போகும். பேண்டுகளின் எண்ணிக்கை குறையக் குறைய நல்லது. வேலையில்லாத பேண்டை வைத்திருந்தாலும் அதன் கிராஸ்ஓவர் ஃபேஸைத் திருப்பிக்கொண்டுதான் இருக்கும்.

170-ஐத் தேர்ந்தது பாடகரின் தாழ்ந்த சுரத்தைப் பார்த்து. பாட்டு சட்ஜத்துக்குக் கீழே இறங்கவில்லை. முனகல் 165-க்கு மேலே ஏறவில்லை. இடைவெளி மிகக் குறுகல், எனவே கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கீழ் பேண்ட் 5 டெசிபல் இறங்கும்போது 139-இல் உண்மையான இறக்கம் 3.1 டெசிபல்தான், ஏனெனில் 139-இன் ஒரு பங்கு மேல் பேண்ட் வழியாகத் தப்பிவிடுகிறது. சரிவை ஆக்டேவுக்கு 48 டெசிபல் ஆக்கினால் பிரிவு கூர்மையாகும். 139 இன்னும் அதிகமாக இறங்கும், 196 இன்னும் குறைவாக. ஆனால் தாழ்ந்த பகுதியில் ஃபேஸ் சுழற்சி இருமடங்காகிப் பம்பையின் 'தொம்' இழுபட்டு மங்கியது. 24-இலேயே நிற்பது என்று முடிவானது.

அட்டாக் (கம்ப்ரஸர் பிடிக்க எடுக்கும் நேரம்) 30 மில்லி வினாடி. 80 ஹெர்ட்ஸ் அலை ஒரு முறை சுற்ற 12.5 மில்லி வினாடி ஆகும். அட்டாக்கும் ரிலீஸும் அதைவிடக் குறைந்தால் கம்ப்ரஸர் ஒலியளவைப் பின்தொடராமல் ஒவ்வொரு அலையின் வளைவையே பின்தொடர்ந்து நெளிக்கும். தாழ்ந்த ஒலியில் கரகரப்பு ஏறும். முனகல் மெதுவாகப் பொங்கும், உச்சத்துக்கு வர 200 மில்லி வினாடிக்கு மேல் ஆகிறது. ஆகவே 30 தாராளம். பம்பையின் அடி அந்த 30 மில்லி வினாடிக்குள் தன் முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும், அதுவும் ஆதாயம்.

ரிலீஸ் (பிடித்ததை விட எடுக்கும் நேரம்) 180 மில்லி வினாடி. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 96 தட்டு. தட்டுக்குத் தட்டு 625 மில்லி வினாடி. முனகல் ஏறத்தாழ 350 நீள்கிறது. மிச்சம் 275-க்குள் கம்ப்ரஸர் முழுதும் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த தட்டின் பம்பை பாதி அமுங்கியே தொடங்கும். 400 வைத்துப் பார்த்தபோது அப்படித்தான் ஆனது: முள் ஒருமுறை கீழே போனது, பல்லவி முடியும்வரை பூஜ்யத்துக்குத் திரும்பவே இல்லை. அப்படி நிரந்தரமாக இறங்கியே நிற்கும் கம்ப்ரஷன் வெறும் ஈக்யூ வெட்டுதான். அதற்கு மல்டிபேண்ட் தேவையில்லை.

ரேஷியோ 3:1. த்ரெஷோல்டை (அமுக்கம் தொடங்கும் ஒலியளவு) எண்ணால் வைக்காமல் முள்ளால் வைப்பது நல்லது. முனகல் இல்லாத இடங்களில் முள் அசையக் கூடாது. மிகப் பெரிய முனகலில் 5 டெசிபல் காட்ட வேண்டும். 3:1-இல் த்ரெஷோல்டை 7.5 டெசிபல் மீறினால் 2.5 வெளியே வரும், 5 குறையும். இறக்கத்துக்கு எல்லை வைக்கும் வசதி இருந்தால் அதையும் 5-இல் பூட்டிவிடலாம். மேக்கப் கெயின் பூஜ்யம்.

இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளோடு வரும் ரியாஎக்ஸ்காம்ப் இதே வேலையைச் செய்யும்.

பலன்: முனகல் உச்சம் −2-இலிருந்து −5-க்கு வந்தது. மற்ற இடங்கள் −7-இலேயே இருக்கின்றன. முனகலுக்கும் மற்றதற்கும் நடுவே இருந்த 5 டெசிபல் இடைவெளி 2 ஆனது. லிமிட்டர் எவ்வளவு அமுக்கினாலும் குரல் கூடுதலாக முங்குவது அந்த 2-க்கு மேல் போகாது. 2 டெசிபலைத் தேடிக் கேட்டால்தான் கண்டுபிடிக்கலாம்.

ஒலியளவையும் −9-இலிருந்து −11 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு இறக்கியாயிற்று. 7 டெசிபல் ஏற்றம். முனகலில் லிமிட்டர் 3, மற்ற இடத்தில் 1. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் இயல்பாகவே −14-க்குக் கொண்டுவந்துவிடுவதால் −9-க்கு அங்கே ஆதாயம் எதுவுமில்லை. வேனிலோ ஆம்ப்ளிஃபயரின் குமிழ் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஃபேஸ் பற்றி ஓர் எச்சரிக்கை

இந்த வகைக் கிராஸ்ஓவர் எதையும் அமுக்காமல் சும்மா இருந்தாலும் ஃபேஸைச் சுழற்றும். அதிர்வெண் அளவுகள் மாறாது, ஆனால் அலையின் வடிவம் மாறும். கோப்பின் உச்சம் அரை டெசிபல் அங்கோ இங்கோ நகரலாம். அதனால் லிமிட்டர் அளவுகளை மல்டிபேண்டைச் செருகிய பிறகுதான் வைக்க வேண்டும். செருகிய ஒலியை மூல ஒலியோடு பாதிக்குப் பாதி கலக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: சுழன்ற ஃபேஸும் சுழலாத ஃபேஸும் கூடினால் கிராஸ்ஓவரைச் சுற்றிப் பள்ளம் விழும். கலக்கும் குமிழ் பிளக்இன்னுக்குள்ளேயே, கிராஸ்ஓவருக்குப் பின்னால் இருந்தால் மட்டும் பாதுகாப்பு.

லீனியர் ஃபேஸ் வகைக்கு இந்தச் சுழற்சி இல்லை. அதற்குப் பதிலாக, அடிக்கு முன்னாலேயே மெல்லிய அதிர்வு ஒன்று எழும். கிராஸ்ஓவர் தாழத் தாழ அந்த முன்னதிர்வு நீளும். 170 ஹெர்ட்ஸில் பம்பை அடிக்குச் சற்று முன்பே ஒரு மூச்சு வாங்குவதுபோல் கேட்டது. தோல் வாத்தியம் முன்னிற்கும் பாட்டில் லீனியர் ஃபேஸைத் தாழ்ந்த கிராஸ்ஓவருக்கு வைப்பது பொருந்தாது.

மல்டிபேண்டிடம் கொடுக்காத மற்ற இரண்டு குறைகள்

280 ஹெர்ட்ஸ் பக்கம் ஆர்மோனியமும் அறையும் சேர்ந்து ஒரு பெட்டிச் சத்தம். முதல் வினாடியிலிருந்து கடைசி வரை இருக்கிறது. சாதாரண ஈக்யூவில் 2 டெசிபல் வெட்டு, க்யூ (வெட்டின் அகலத்தைக் குறிக்கும் எண்) 1. முடிந்தது.

'சரவணபவ', 'ஷண்முகா' போன்ற சொற்களில் சீறல் 7 கிலோஹெர்ட்ஸ் சுற்றி. இதுவும் வந்து போகும் குறைதான், ஒரே பகுதியில்தான். மேல் பேண்டைத் திறக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பகுதியில் சலங்கை உட்கார்ந்திருக்கிறது, முதல் முயற்சி கெட்டதே அதனால்தான். குரல் நடுவிலும் சலங்கை ஓரத்திலும் வைக்கப்பட்டிருந்ததால், நடு-ஓரம் என்று பிரித்து, நடுவில் மட்டும் 7.2 கிலோஹெர்ட்ஸில் ஒரு டைனமிக் ஈக்யூ (ஒலி அளவு மீறும்போது மட்டும் வெட்டும் ஈக்யூ). அதிக பட்சம் 3 டெசிபல். டைனமிக் ஈக்யூவுக்குக் கிராஸ்ஓவர் கிடையாது, ஒரு குறுகிய இடத்தை மட்டும் தொடும். குறையின் அகலம் ஒரு ஆக்டேவுக்குள் அடங்கினால் டைனமிக் ஈக்யூ. உறுமியைப்போல ஒரு ஆக்டேவுக்கு மேல் அலைந்தால் மல்டிபேண்ட். இந்த எல்லை எழுதாத விதிதான், ஆனாலும் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் டிடிஆர் நோவா இதற்குப் போதும்.

மிக்ஸ் கையில் இருந்திருந்தால்

உறுமியின் உரசும் முகத்துக்குத் தனி மைக் இருந்திருந்தால், அதே இரண்டு பேண்ட் அமைப்பை அந்த டிராக்கில் மட்டும் போட்டு, குரலைத் தொடாமலே 6, 7 டெசிபல்கூடத் தாராளமாகப் பிடித்திருக்கலாம். கிராஸ்ஓவரையும் 250-க்கு அச்சமின்றி ஏற்றியிருக்கலாம், ஏனெனில் அங்கே காயப்படக் குரல் இல்லை.

அதற்கும் முந்தைய தீர்வு அறையில் இருந்தது. உறுமிக்காரர் மூலையில் உட்கார்ந்திருந்தார். மூலையில் எழும் ஒலி அறையின் அத்தனை எதிரொலிகளையும் முழுதாகத் தட்டி எழுப்பும். உறுமியை மட்டும் வெளி வராந்தாவில் தனியாக எடுத்திருந்தால் 93-உம் 139-உம் பிறந்தே இருக்காது. ஒவ்வொரு டேக்குக்கும் முன் தோலைக் காய்ச்சி ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தால் முனகலின் எல்லையும் நகர்ந்திருக்காது.

மிக்ஸில் மல்டிபேண்ட் நியாயமாக வேலை செய்யும் வேறோர் இடம் குரல் டிராக். கார்டியாய்டு மைக்கை (முன்பக்க ஒலியையே அதிகம் எடுக்கும் வகை) நெருங்கினால் தாழ்ந்த பகுதி வீங்கும். பாடகர் உணர்ச்சியில் முன்னும் பின்னும் சாயும்போது 120 முதல் 300 ஹெர்ட்ஸ் ஏறி இறங்கும். அந்த ஒரு பேண்டில் 2:1, அதிக பட்சம் 3 டெசிபல். மற்ற பேண்டுகள் அணைத்தே இருக்கட்டும். நெருக்கம் மாறாமல் பாடிய குரலுக்கு இது எதற்கும் உதவாது.

குழாயில் சோதித்தது

வேன் இல்லாமலே குழாயைப் போலச் செய்யலாம்: மோனோ ஆக்கி, 350 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டி, ஒரே ஸ்பீக்கரில் கேட்பது. பழைய மாஸ்டரில் முங்கல் முதல் சரணத்திலேயே தெரிந்தது, புதியதில் தெரியவில்லை. பிறகு காரிலும் செல்போனிலும் கேட்டு, உறுமி இன்னும் உறுமுகிறதா என்று பார்த்தாயிற்று. அது செத்துப்போயிருந்தால் சரிசெய்ததற்குப் பொருளே இல்லை.

குழாய்க்கு மட்டுமே ஒரு கோப்பு என்றால் மல்டிபேண்டே வேண்டாம்: 200 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ், 24 டெசிபல் சரிவு, அதன் பின் லிமிட்டர். குழாயின் எல்லைக்குக் கீழே போகும் ஒலி டிரைவரின் டயஃப்ரத்தைப் பிடிமானமின்றி ஆட்டிக் கிழித்துவிடவும் கூடும் என்பதால் அந்த வெட்டு ஸ்பீக்கருக்கும் காப்பு. ஆனால் பாதயாத்திரைக் குழுக்கள் ஒரே பென்டிரைவை வேன் குழாயிலும், தங்கும் மண்டபத்துப் பாக்ஸிலும், காரிலும் மாற்றி மாற்றிச் செருகுகிறார்கள். இரண்டு கோப்பு கொடுத்தால் எது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. எல்லா இடத்துக்கும் ஒரே கோப்பு தாங்க வேண்டும் என்பதே இங்கே மல்டிபேண்டை நியாயமாக்கியது. எம்பி3 ஆக மாற்றும்போது உச்சம் சற்றுத் தாண்டும் என்பதால் லிமிட்டர் கூரை ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்சம்) −1 டெசிபலிலேயே வைக்கப்பட்டது.

ஓரிடம் மட்டும் இன்னும் தனியாகக் கவனிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் சரணத்தில் தோல் காய்ச்சிய டேக் வருகிறது; முனகல் 165-ஐத் தொடும்போது, ஏறக்குறைய கிராஸ்ஓவர் மேலேயே நிற்பதால், கீழ் பேண்ட் 5 டெசிபல் இறங்கினாலும் அந்தச் சுருதி ஏறத்தாழ 2.3 டெசிபல்தான் குறைகிறது. கிராஸ்ஓவரை நகர்த்தினால் பாட்டு முழுதும் குரல் பாதிக்கப்படும். அந்த நான்கு தட்டுகளுக்கு மட்டும் த்ரெஷோல்டை ஆட்டோமேஷனில் 2 டெசிபல் இறக்கி, இறக்கத்தின் எல்லையை 6-ஆக்கி, பல்லவி தொடங்குவதற்கு ஒரு தட்டு முன்னதாகப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாயிற்று.